நாலு லீற்றர் கேனும் மூன்று லீற்றர் எஞ்சினும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்தில் வாகனங்களுக்கு ஒயில் மாற்றும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "மிச்சத்தையும் ஊத்தி விடுங்க தம்பி, காசு குடுத்து வாங்கினதுதானே." இன்றைய விலைக்கு ஒரு சொட்டையும் விட மனம் வராதுதான். ஆனால் அந்த மிச்சம் போக வேண்டிய இடம் எஞ்சின் அல்ல, டிக்கி.

கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது நாலு லீற்றர் கேன். முதல் தலைமுறை டொயோட்டா அக்வாவுக்கு ஒயில் பில்டரோடு சேர்த்து மாற்றினால் 3.7 லீற்றர் போதும். பில்டரைத் தொடாவிட்டால் 3.4. வகன் ஆர் போன்ற 660 சீசீ வாகனங்கள் மூன்று லீற்றர்கூடக் கேட்பதில்லை. மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் 4.2 கேட்கும். ஒரே கேன், ஒன்றுக்குப் போதாது, இன்னொன்றுக்கு ஒரு லீற்றருக்கு மேல் மிச்சம். உங்கள் எஞ்சினின் அளவு வாகனக் கைநூலில் இருக்கிறது. ஜப்பானிய மொழிக் கைநூல்தான் கையில் இருக்கிறது என்றாலும், 3.7 என்ற எண்ணும் ஒயிலின் தடிப்பைக் குறிக்கும் 0W-20 என்ற எழுத்தும் அதிலும் அப்படியேதான் அச்சாகியிருக்கும்.

ஒயில் குறைந்தால்தானே எஞ்சின் இறுகும், கூடினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எஞ்சினின் அடியில் ஒயில் தங்கும் சட்டிக்கு நேர் மேலேதான் கிராங்க் ஷாப்ட் என்ற தண்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றுகிறது. மட்டம் அதை எட்டினால் ஒயில் அடிபட்டு நுரைக்கும். பம்ப் அந்த நுரையைத்தான் தண்டைத் தாங்கும் பெயரிங்குகளுக்கு அனுப்பும். காற்றுக் கலந்த ஒயிலுக்குப் பாரத்தைத் தாங்கும் பலம் கிடையாது. அதாவது, ஒயில் கூடிய எஞ்சினும் கடைசியில் ஒயில் இல்லாத எஞ்சின்போலத்தான் தேயும். உள்ளே அழுத்தம் ஏறி சீல்கள் கசியும். காற்றோட்டக் குழாய் வழியாக ஒயில், எஞ்சின் காற்றை இழுக்கும் இன்டேக்குக்குள் போய் எரியும். பின்னால் நீலப் புகை, கரி பிடித்த பிளக், கெட்டுப்போன, புகையைச் சுத்தமாக்கும் கற்றலைட்டிக் கொன்வேட்டர் எல்லாம் அதன் தொடர்ச்சி.

இனி ஸ்டிக், அதாவது ஒயில் மட்டத்தை அளக்கும் கம்பி, பார்க்கிற விதம். வாகனம் மட்டமான தரையில் நிற்க வேண்டும். நமது ஊரில் மலை இல்லை, ஆனால் கரையோரப் பாதையில் இடது பக்கச் சில்லுகளை மணலில் இறக்கி நிறுத்துவது வழக்கம். அந்தச் சரிவே அளவைப் பிழையாக்கப் போதும். எஞ்சினைச் சூடாக்கி, நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்கு மேல் விடுங்கள். மேலே தங்கிய ஒயில் சட்டிக்கு இறங்கி வர அவ்வளவு நேரம் வேண்டும். பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டரும் சேர்ந்த ஹைபிரிட் வாகனமென்றால் பவரை முழுதாக நிறுத்திய பிறகே போனட்டைத் திறக்கவும். 'ரெடி' விளக்கு எரிந்தால் எஞ்சின் எந்நேரமும் தானாக ஸ்டார்ட் ஆகும்.

முதலில் இழுத்தெடுக்கும் ஸ்டிக்கில் தெரிவதை நம்ப வேண்டாம். ஓட்டத்தில் தெறித்த ஒயில் குழாய் நெடுக ஒட்டியிருக்கும். சீலைத் துண்டால் துடைத்து, அடி வரை இறக்கி, மறுபடி எடுங்கள். இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் உயர்வாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் தெரிந்தால் தாழ்வானதே சரி. புது ஒயில் தேன் நிறத்தில் இருப்பதால் நண்பகல் வெயிலில் அது எட்டிய இடமே தெரியாது. ஸ்டிக் முனையை வெள்ளை டிஷுவில் ஒரு தரம் கிடத்தி எடுத்தால் நனைந்த நீளம் அப்படியே பதியும், அதை ஸ்டிக்கோடு வைத்துப் பார்க்கலாம்.

ஸ்டிக்கில் உள்ள கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையில் பல வாகனங்களில் ஏறக்குறைய ஒரு லீற்றர், சிறிய எஞ்சினில் அதிலும் குறைவு. ஆகவே ஒரு தடவைக்கு 200 மில்லிலீற்றருக்கு மேல் ஊற்றாமல், சில நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும். ஓரிரு மில்லிமீற்றர் தாண்டினால் பதற வேண்டாம். விரற்கடை அளவு தாண்டினால் ஸ்டிக் குழாய் வழியாக மெல்லிய ரியூப் விட்டு உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். பில்டர் மாற்றியிருந்தால், ஊற்றியவுடன் பார்க்கும் மட்டம் கணக்கே அல்ல. ஒரு நிமிடம் எஞ்சினை ஓட்டினால் வெறும் பில்டர் தன் பங்கை இழுத்துக்கொள்ளும், பிறகு பாருங்கள். கழற்றிய பழைய பில்டரில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அது எஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதை முறுக்கினால் கல்லடிப் பாலம் தாண்டுமுன் ஒயில் முழுதும் றோட்டில்.

இதைவிட மோசமான பிழையும் நடக்கிறது. எஞ்சின் ஒயில் என்று நினைத்துக் கியர்பொக்ஸ் ஒயிலை இறக்கிவிட்டு, புது ஒயிலை எஞ்சினுக்குள் ஊற்றுவது. எஞ்சினில் இரட்டை மடங்கு, கியர்பொக்ஸ் காலி. இறங்கும் ஒயில் கறுப்பாக இல்லாமல் சிவப்பாகவோ தெளிவாகவோ இருந்தால் அங்கேயே கையை நிறுத்த வேண்டும்.

நமது வெயிலுக்குத் தடித்த ஒயில்தான் நல்லதென்று 0W-20 கேட்கும் எஞ்சினுக்கு 20W-50 ஊற்றுவதையும் நிறுத்தலாம். ஹைபிரிட் எஞ்சின் ஓட்டத்தில் நின்று நின்று ஸ்டார்ட் ஆவது. ஒயில் மெல்லிய துவாரங்களுக்குள் உடனே ஓட வேண்டும். நிறத்தைப் பார்த்துப் பயப்படவும் தேவையில்லை, டீசலில் புது ஒயில் சில நாட்களிலேயே கறுத்துவிடும். பால் தேநீர் நிறம் வந்தால் மட்டும் பயப்படுங்கள், தண்ணீர் கலந்திருக்கிறது. மாரி வெள்ளத்தில் நின்ற வாகனத்தில் மட்டம் மேல் கோட்டுக்கு மேலே ஏறி, நிறமும் அப்படி மாறியிருந்தால் சாவியைத் திருப்பவே வேண்டாம், கட்டி இழுத்துக் கொண்டுபோங்கள். மட்டம் ஏறி, ஸ்டிக்கில் பெற்றோல் மணத்தால் அதுவும் உடனே காட்ட வேண்டிய பழுது.

டாஷ்போட்டின் சிவப்பு ஒயில் விளக்கு மட்டத்தைக் காட்டுவதல்ல, அழுத்தம் விழுந்துவிட்டதைக் காட்டுவது. அது எரிந்தபின் "வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்" என்று ஓட்டினால் பெயரிங் போய்விடும். 2020 முதல் ஐந்து வருடம் தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் வயதான எஞ்சின்கள், ஒயில் குடிப்பவை. சேவிஸ் வரும்வரை காத்திராமல் இரண்டு தரம் எரிபொருள் அடித்தால் ஒரு தரம் ஸ்டிக்கைப் பாருங்கள்.

சேவிஸ் செய்வோரிடம் கேட்பது இரண்டு விடயம். ஊற்றிய அளவை, ஒயில் தரத்தோடு பில்லில் எழுதுங்கள். மிச்சத்தைக் கேனோடு வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். இறக்கிய பழைய ஒயிலைப் பின்வளவு மணலில் ஊற்றுவோருக்கும் ஒரு வார்த்தை: கிணற்றுத் தண்ணீர் அங்கே ஒரு சில அடி ஆழத்தில்தான் நிற்கிறது.

இப்படிக்கு,
வாகனத் திருத்துநர்கள் சிலர்,
கல்லடி, மட்டக்களப்பு.