தேநீர் சிந்தாத படகு

சைமன்ஸ் டவுன், தென்னாப்பிரிக்கா
பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் டர்பன் முகவரிக்குப் போய், வீட்டில் பிரித்துப் படமெடுத்து அனுப்பியதால், இங்கே துறையில் கட்டிக் கிடக்கும் ஒரு படகின் அடுப்படியில் உட்கார்ந்து அதைப் படித்தேன். மகளின் கல்யாணம் குறைவின்றி நடந்ததை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். வர முடியாமற்போனதற்கு நீ என்னை எவ்வளவு திட்டினாலும் தகும். ஆனால் "யாருடைய படகையோ யாருக்கோ கொண்டுபோய்க் கொடுக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று நீ கேட்டிருப்பதற்கு மட்டும் பதில் சொல்லாமல் விட மனமில்லை. தென்கிழக்குக் காற்று விடாமல் அடிப்பதால் மூன்று நாளாக இங்கே சும்மாதான் இருக்கிறேன். ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த முறை கொண்டுவந்தது டர்பனில் கட்டிய புத்தம்புதிய கேட்டமரான். 45 அடி நீளம், ஏறத்தாழ 25 அடி அகலம், இரண்டு உடல்கள், உடலுக்கொரு டீசல் இயந்திரம், நடுவில் ஒரு வரவேற்பறையே இருக்கிறது. உரிமையாளர் கேப் டவுனில் காத்திருக்கிறார். அங்கிருந்து குடும்பத்துடன் அட்லாண்டிக்கைக் கடக்கப் போகிறாராம். டர்பனிலிருந்து அவரிடம் போய்ச் சேர 800 கடல் மைல். என்னுடன் இரண்டு இளைஞர்கள். எங்களுக்கு நாட்கூலியும் சாப்பாடும் திரும்பிச் செல்ல விமானச் சீட்டும் உண்டு. படகு எங்களுடையது அன்று என்பதை அதன் ஒவ்வொரு மூலையும் நினைவூட்டிக்கொண்டே இருக்கும். மெத்தைகளையெல்லாம் பாலித்தீனில் சுற்றி, தரை முழுவதும் அட்டை விரித்து, நான்கு கழிப்பறைகளில் ஒன்றை மட்டும் திறந்து வைத்து, எங்கள் தட்டு எங்கள் தம்ளர் என்று கல்யாண வீட்டில் பந்தி பரிமாற வந்தவர்களைப் போல ஓரமாக வாழ்ந்தோம்.

இந்தக் கரையில் வழியைத் தீர்மானிப்பது அகுல்ஹாஸ் நீரோட்டம். நம் ஊரில் நீவாடு என்போமே, அதைப் போலப் பத்து மடங்கு என்று வைத்துக்கொள். கரையை ஒட்டித் தென்மேற்காக ஓடும் இதன் வேகம் சில இடங்களில் 4, 5 நாட் வரை, அதாவது மணிக்கு அத்தனை கடல் மைல் வரை போகும். வேகம் மிகுந்த பகுதி, கடல் 200 மீட்டர் ஆழமாகும் எல்லையை, அதாவது நம் கணக்கில் நூற்றுச் சொச்சம் பாக ஆழத்தை ஒட்டியே ஓடுகிறது. தெற்கே போகிறவனுக்கு அது பெரிய வரம். ஆனால் தென்மேற்கிலிருந்து புயற்காற்று எழும்பிவிட்டால், ஓடும் நீரும் எதிரே வரும் அலையும் மோதி, அலைகள் நெருங்கி, செங்குத்தாகி, கப்பலின் முதுகையே முறிக்கும் அளவுக்கு எழும்பும். கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மல்லரி 1974-இல் இந்த அலைகளால் அடிபட்ட கப்பல்களைத் தொகுத்து எழுதிய பிறகே உலகம் இதைக் காதில் போட்டுக்கொண்டது. 1909 ஜூலையில் 211 பேருடன் டர்பனை விட்டுக் கிளம்பிய வாராட்டா என்ற கப்பலின் ஒரு பலகைகூட இன்றுவரை கிடைக்கவில்லை. இதில் இன்னொரு சிக்கல், டர்பனுக்கும் ஈஸ்ட் லண்டனுக்கும் இடையிலான 250 சொச்சம் மைலில் ஒதுங்க ஒரு துறைமுகமும் கிடையாது.

ஆகவே டர்பனில் எங்கள் முதல் வேலை காத்திருப்பது. தென்மேற்குக் காற்று அடித்து ஓய்ந்து, பாரோமீட்டர் ஏறி உச்சத்துக்கு வந்து, மெல்ல இறங்கத் தொடங்கும்போது வடகிழக்குக் காற்று பிறக்கும். அந்த நேரத்தில் கிளம்பிவிட வேண்டும். அதற்குள் துறைமுகத்துக்கும் காவல்துறைக்கும் கொடுக்க வேண்டிய பயணப் படிவத்தை நிரப்பிக் கையொப்பங்கள் வாங்கினேன். தண்ணீரில் போகும் படகுக்கான அந்தத் தாளுக்கு இங்கே பெயர் 'பிளைட் பிளான்'. ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மீதி நேரமெல்லாம் படகைத் தட்டிப் பார்ப்பதிலேயே போயிற்று. தட்டிப் பார்ப்பது என்று சும்மா சொல்லவில்லை. பட்டறையில் பிசின் பூசும் வேலை செய்யும் முதியவர் ஒருவர், முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள், பேரில் மட்டும் தமிழ் மிச்சமிருப்பவர், ஒரு நாணயத்தால் இரு உடல்களுக்கும் நடுவிலிருக்கும் தளத்தின் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நின்று என்னைக் கேட்கச் சொன்னார். மற்ற இடங்களில் 'டங்' என்ற ஒலி அங்கே 'டொப்' என்றது. உள்ளே நுரைப்பலகை ஒட்டவில்லை. அதைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆயிற்று. தேதி தள்ளிப்போகிறதே என்று உரிமையாளர் தொலைபேசியில் குறைபட்டுக்கொண்டார்.

இப்போது உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். ஒற்றை உடல் பாய்மரப் படகில் காற்று மிகுந்தால் படகு சாயும். சமையலறைப் பாத்திரம் உருளும். தூங்குகிறவன்கூட எழுந்து வந்து பாயைச் சுருக்கச் சொல்வான். கேட்டமரான் சாயாது. இரண்டு கால்களையும் அகட்டி ஊன்றிக்கொண்டு, எத்தனை பாரம் ஏற்றினாலும் முகம் சுளிக்காமல் போகும். பாரமெல்லாம் கயிற்றுக்கும் கப்பிக்கும் பாய்மரத்துக்கும் போய்ச் சேருமே தவிர, மேசைமேல் இருக்கும் தேநீருக்குத் தெரியாது. ஆகையால் உடம்பு சொல்வதை நம்பாமல் காற்றுமானியின் எண்ணைப் பார்த்தே பாயைச் சுருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். இருபது ஆண்டுகளாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தில் நானே தவறினேன்.

காலை ஆறு மணிக்கு டர்பன் துறைமுக வாயைக் கடந்தோம். நண்பகலுக்குள் நீரோட்டத்தில் ஏறிவிட்டோம். கடல்நீரின் வெப்பம் ஒரு பாகை கூடியதிலிருந்தே அது தெரிந்தது. மாலைக்குள் வடகிழக்குக் காற்று வலுத்தது. படகு தண்ணீரில் 10 நாட், 12 நாட் என்று வழுக்க, நீரோட்டம் இன்னும் 4 நாட்டைக் கூட்டிக் கொடுக்க, திரையில் 16 என்ற எண்ணைப் பார்த்த இளைஞர்கள் இருவரும் கைதட்டினார்கள். காற்றுமானி 15 காட்டியது. 15 நாட் காற்றுக்கு யார் பாயைச் சுருக்குவார்கள்? நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

பிழை எங்கே என்று நீயே கண்டுபிடித்திருப்பாய். நாங்கள் காற்றுக்கு முதுகைக் காட்டி 12 நாட் வேகத்தில் அதனோடு ஓடிக்கொண்டிருந்தோம். படகில் நிற்பவனுக்கு 15 என்றால் உண்மையான காற்று 27. அலையின் சரிவில் படகின் முன்முனையான அணியம் ஒருமுறை குத்தி நின்று வேகம் பாதியாகக் குறைந்தபோதுதான், மறைந்திருந்த காற்றெல்லாம் ஒரே நொடியில் பாயில் வந்து விழுந்தது. மேசைமேல் தேநீர் அப்போதும் சிந்தவில்லை. ஆனால் பாய்மரத்தின் அடியிலிருந்து ஒரு முனகல் கேட்டது. அதைக் கேட்டதும் என் வயிறு கலங்கிவிட்டது.

பெரிய பாயைச் சுருக்க வேண்டுமானால் படகைத் திருப்பிக் காற்றை நேராக எதிர்கொள்ள வேண்டும். இரவு பத்து மணி, நிலவில்லை, பின்னால் ஆளுயர அலைகள். இரண்டு இயந்திரங்களையும் ஓடவிட்டுத் திருப்பியதும், அதுவரை வருடிக்கொண்டிருந்த காற்று 30-க்கு மேல் போய்க் காதைக் கிழித்தது. பாய் பாதி இறங்கியிருக்கும்போது இடப்பக்க இயந்திரம் இருமி இருமி அணைந்தது. வலப்பக்க இயந்திரம் மட்டும் தள்ளினால் இத்தனை அகலமான படகு இடப்பக்கம் திரும்பத்தான் பார்க்கும், திரும்பியது, பாதிப் பாய் காற்றை வாங்கி, பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பியில் போய் அறைந்தது, பாய்க்கு விறைப்புத் தரும் நீண்ட பிரம்புகளில் ஒன்று துப்பாக்கி வெடித்தாற்போல முறிந்தது. சுக்கானும் ஒற்றை இயந்திரமுமாக மறுபடி அணியத்தைக் காற்றுக்கு நேரே கொண்டுவரப் பத்து நிமிடம் ஆயிற்று. பெரிய பாயை முழுவதும் இறக்கிக் கட்டிவிட்டு, முன்பாயில் ஒரு போர்வையளவு மட்டும் விரித்துக்கொண்டு ஓடினோம். அப்போதும் 11 நாட்.

அணைந்த இயந்திரத்தின் டீசல் வடிகட்டியைத் திறந்து பார்த்தேன். அடியிலுள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் விரற்கடை உயரத்துக்கு வெள்ளைத் தூள். இடையே சுருள் சுருளாகக் கண்ணாடியிழைச் சீவல். தொட்டியில் துளையிட்டவர்கள் உள்ளே விழுந்ததைத் துடைக்காமல் மூடியிருக்கிறார்கள். துறையில் ஆடாமல் நின்றவரை அடியில் படிந்து கிடந்தது, அலையில் குலுங்கியதும் கிளம்பிவிட்டது. தலைவிளக்கு வெளிச்சத்தில், டீசல் வாடையில், குப்புறப் படுத்தபடி வடிகட்டியை மாற்றிவிட்டு வெளியே வந்து, சின்னவனோடு சேர்ந்து நானும் வாந்தி எடுத்தேன். இந்த வயதில் இது தேவையா என்று உன் மனைவி கேட்பது இங்கேயே காதில் விழுகிறது.

ஈஸ்ட் லண்டனுக்குள் நுழைவதற்கும் ஒரு சூட்சுமம் உண்டு. துறைமுகத்துக்கு நேரே வரும்வரை நீரோட்டத்திலேயே இருந்தால் அது உன்னை வாசலைத் தாண்டி அடித்துக்கொண்டு போய்விடும்; ஓடுகிற பேருந்திலிருந்து இறங்குகிறவனைப் போல, இருபது மைலுக்கு முன்பே கரைப்பக்கமாகச் சாய்ந்து வர வேண்டும். காலை எட்டு மணிக்கு பஃபலோ ஆற்றின் முகத்துவாரத்துக்குள் புகுந்து கட்டினோம். மறுநாள் பாரோமீட்டர் இறங்கி நின்றது, காற்று ஒரு மணிநேரம் செத்தாற்போல அடங்கியது, பிறகு தென்மேற்கு வந்து நான்கு நாள் அடித்தது. உரிமையாளர் தினமும் பேசினார். வானிலைப் படத்தில் நீலமாகத்தானே இருக்கிறது, ஏன் கிளம்பவில்லை என்பார். நல்ல மனிதர்தான், ஆனால் அவர் மேசையிலிருக்கும் படத்தில் காற்று தெரியுமே தவிர, காற்றுக்கு எதிராக ஓடும் தண்ணீர் தெரியாது. பேச்சை நீட்டாமல், துறைமுக வாயிலில் வெடிக்கும் அலையைப் படமெடுத்து அனுப்பினேன். அன்று மாலை அழைப்பு வரவில்லை.

அதன் பிறகு பெரிதாக எழுத ஒன்றுமில்லை. போர்ட் எலிசபெத்தில் ஓரிரவு. மொசெல் பேயில் தண்ணீரும் காய்கறியும். அங்கிருந்து காற்றே இல்லாமல், டீசலை மிச்சப்படுத்த ஆறு மணிநேரத்துக்கு ஓர் இயந்திரமாக மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டு வந்தோம். கண்டத்தின் தென்கோடியான அகுல்ஹாஸ் முனையை விடியற்காலையில் கடந்தோம். தாழ்வான கரை, ஒரு கலங்கரை விளக்கம், அவ்வளவுதான். இரண்டு சமுத்திரங்கள் சேருமிடம் என்று சொல்லியிராவிட்டால் இளைஞர்கள் எழுந்து பார்த்திருக்கவே மாட்டார்கள். அன்று மாலை இங்கே வந்து கட்டினோம். கேப் பாயிண்ட் முனையைச் சுற்றிக்கொண்டு கேப் டவுனுக்குப் போக இன்னும் ஒரு பகற்பொழுதுதான் பாக்கி. ஆனால் இந்த மாதத்தில் கேப் டவுன் மலையிலிருந்து இறங்கும் தென்கிழக்குக் காற்றில், 25 அடி அகலமுள்ள படகைக் குறுகலான துறையில் நுழைப்பது முடியாத காரியம்.

நேற்று உரிமையாளர் காரிலேயே இங்கு வந்துவிட்டார். பாலித்தீனை விலக்கி மெத்தையில் அமர்ந்து, தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்து, வெளியே நாற்பது நாட் காற்று அடிக்கும்போதும் அது அசையாததைத் தன் மனைவியிடம் பெருமையாகக் காட்டினார். நான் எழுந்து போய், முறிந்த பிரம்பையும், கண்ணாடிப் புட்டியில் எடுத்துவைத்திருந்த வெள்ளைத் தூளையும் கொண்டுவந்து அதே மேசையில் வைத்தேன். யார் தவறு எது என்று ஒளிக்காமல் சொன்னேன். பிரம்புக்கான பணத்தைக் கூலியில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இருட்டும்வரை, எத்தனை நாட் காற்றுக்கு எத்தனை சுருக்கு என்று ஒரு தாளில் என்னை எழுதச் சொல்லி, அதைச் சுக்கானுக்கு மேலே ஒட்டிவிட்டுப் போனார். உண்மைக் காற்று, படகில் தெரியும் காற்று என்று இரண்டு பத்திகளாகத்தான் எழுதிக் கொடுத்தேன்.

நீ கேட்டிருந்த இன்னொன்று. ஆமாம், கேட்டமரான் என்பது நம் கட்டுமரம்தான்; 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையைப் பார்த்த டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி எழுதிய சொல் அப்படியே நிலைத்துவிட்டது. ஆனால் இரட்டை உடல் அமைப்பு பசிபிக் தீவுக்காரர்களுடையது. பேர் ஒருவருடையது, உருவம் வேறொருவருடையது. உன் அப்பாவின் கட்டுமரத்துக்கு உள் என்று ஒன்று கிடையாது. மரங்களின் இடுக்கு வழியே தண்ணீர் ஏறி முழங்கால்வரை நனைக்கும். அந்த இரவுக்குப் பிறகு அவரைப் பல முறை நினைத்துக்கொண்டேன். கச்சான் காற்றில் கரைக்கு ஓடிவரும்போது பாயை எப்போது இறக்குவார், எதை வைத்து முடிவு செய்வார் என்று உன்னிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? காலிலா, கயிற்றைப் பிடித்த கையிலா? உன் அண்ணனுக்குத் தெரிந்திருக்கலாம், கேட்டு எழுது.

காற்று நாளை விடியற்காலையில் தணியும் போலிருக்கிறது. நான்கு மணிக்குக் கிளம்ப உத்தேசம். கல்யாணப் படங்களை அனுப்பு. வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

உன்
பழைய நண்பன்