ஸ்பானிய மைதானச் சொற்களைத் தமிழ் எழுத்தில் கற்பது நல்லது

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் செயற்கைப் புல்தரைகளில் நடக்கும் ஐவர் ஆட்டங்களில் வெளிநாட்டவரும் சேர்ந்து விளையாடுவதுண்டு. கட்டாருக்கும் கனடாவுக்கும் போகும் நம் பிள்ளைகளுக்குக் கொலம்பியரோடும் மெக்சிக்கரோடும் ஒரே அணியில் நிற்க நேர்கிறது. இவர்கள் நம்பியிருக்கும் ஸ்பானியச் சொற்பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. அவற்றை ஆங்கிலம் போலவே வாசித்துப் பழகியவர் மைதானத்தில் கத்தும்போது பக்கத்தில் நிற்பவருக்கே விளங்குவதில்லை. தமிழ் வாய்க்கு ஸ்பானியம் கடினமல்ல. நடுவில் ஆங்கிலத்தை வைப்பதால்தான் கடினமாகிறது.

ஆங்கிலத்தில் ‘ரி’, ‘டி’ என்று சொல்லும் இரண்டு எழுத்துகளையும் ஸ்பானியர் நாக்கைப் பல்லில் வைத்தே ஒலிப்பார்கள். அது நம் ‘த’. ‘ட’ அல்ல. ஆங்கிலேயர் திணறும் ‘ஞ’ நமக்குப் பிறப்பிலேயே உண்டு. ‘மகன்’ என்னும்போது நடுவில் வரும் மெல்லிய ‘க’வும் அங்கே உண்டு. எழுதிக்கொள்ள ஒரு வழி: அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதுங்கள். ‘மீய’ என்றால் பந்து என்னுடையது, ‘தூய’ என்றால் உன்னுடையது. இரண்டு பேர் ஒரே பந்துக்குப் பாய்ந்து தலை மோதாமல் காப்பவை இவை இரண்டும்தான். முதலில் இவற்றைப் பழக வேண்டும்.

நம் எழுத்து தடுக்கும் இடமும் உண்டு. தமிழில் சொல்லின் நடுவே தனியாக வரும் வல்லினம் மெலிந்துவிடும். ‘பந்தைத் தட்டிவிடு’ என்பதற்கான சொல்லை ‘தோக’ என்று எழுதினால் பிழையாக ஒலிக்கும். ‘தோக்க’ என்று எழுதி, ‘க்க’வில் தங்காமல் சொல்ல வேண்டும். ங்க, ந்த, ம்ப ஆகியவையும் நம் வாயில் எப்போதும் மெலியும். ‘செகூந்தொ பாலொ’ (கோலின் தூரக் கம்பம்), ‘காம்பிய’ (பந்தை மறுபக்கம் மாற்று) ஆகியவற்றுக்கு அது பொருந்தும். ‘பதறாதே’ என்பதற்குப் பொருந்தாது. அதை ‘த்ரன்-கீலொ’ என்று பிரித்தே எழுதிக்கொள்ள வேண்டும். கிட்டக் கம்பம் ‘ப்ரிமேர் பாலொ’. மூலையுதைக்கு முன் இந்த இரண்டு கம்பங்களின் பெயரும் தெரியாதவர் யாரைக் காப்பது என்று தெரியாமல் நிற்பார்.

அதிகம் பிழைபடுவது, நாம் ‘ஆள் வாறான்!’ என்று கத்தும் இடம். பட்டியல்கள் ‘ஓம்ப்ரெ’ என்கின்றன. அதற்கு ‘ஆள்’ என்று பொருள் உண்டுதான். ஆனால் ஸ்பெயினில் பேச்சுக்குப் பேச்சு ‘அட, என்னப்பா’ என்பதுபோல் வரும் சொல்லும் அதுவே. முதுகில் எதிராளி நெருங்கும் அரைச் செக்கனில் அப்படி இருபொருள் தரும் சொல் உதவாது. ‘தெ யேக’ (உன்னிடம் வருகிறான்) அல்லது ‘எஸ்பால்த’ (முதுகு) என்பதே தெளிவு. யாரும் நெருங்கவில்லை, திரும்பலாம் என்றால் ‘சோலொ’. பெண்கள் அணியில் அது ‘சோல’ ஆகும். ‘த்ரன்-கீலொ’வும் அங்கே ‘த்ரன்-கீல’. பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் இதைக் கவனிப்பது குறைவு.

பின்வரிசைக்கு: ‘தெஸ்பேஹ’ (அடித்து அகற்று), ‘சூபெ’ (மேலே ஏறு), ‘பாஹ’ (இறங்கு, இதில் ‘பஸ்’ஸில் வரும் ப). முழு வரிசையும் சேர்ந்து வெளியேற ‘சலீமொஸ்’. ‘தேஹ’ என்றால் விட்டுவிடு. இதை உங்கள் அணி வீரரின் பெயரோடு சேர்த்தே சொல்லுங்கள். எதிரணி வீரரை வாய்ச்சொல்லால் ஏமாற்றித் திசைதிருப்புவது உதைபந்தாட்டச் சட்டத்தின் 12ஆவது விதிப்படி மஞ்சள் அட்டைக்குரிய குற்றம். எதிரணியிலும் ஸ்பானியம் தெரிந்தவர் இருந்தால் நடுவர் சந்தேகப்பட இடமுண்டு.

நாட்டுக்கு நாடு மாறுவதையும் சொல்லியாக வேண்டும். ‘எனக்குத் தா’ என்பது ஸ்பெயினில் ‘பாசல’, ஆர்ஜென்டீனாவில் ‘பசால’. தட்டிவிடு என்பது அங்கே ‘தொக்கா’. 2022 உலகக் கிண்ணத்தில் நெதர்லாந்துடனான ஆட்டத்துக்குப் பின் மெஸ்ஸி சொன்ன ‘கே மிராஸ், போபொ’ (என்ன பார்க்கிறாய், முட்டாளே) நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அந்த ‘மிராஸ்’ ஆர்ஜென்டீன வழக்கு, ஸ்பெயினில் ‘மீரஸ்’. அந்தப் ‘போபொ’வை மட்டும் மைதானத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். ‘தெ யேக’ புவனோஸ் ஐரிஸ்காரர் வாயில் ‘தெ ஷேக’ என்று வரும். பந்துக்காப்பாளர் ஸ்பெயினில் ‘பொர்த்தேரொ’, ஆர்ஜென்டீனாவில் ‘அர்க்கேரொ’. நாம் ‘சேர்’ என்று கூப்பிடும் பயிற்றுநரை ஸ்பெயினில் ‘மீஸ்தெர்’ என்பார்கள், தென்னமெரிக்காவில் ‘ப்ரோஃபெ’ என்பது வழக்கம். மிக முக்கியமான எச்சரிக்கை: ஸ்பெயினில் ‘பிடி’ என்று சாதாரணமாகச் சொல்லும் ‘கோஹெ’ மெக்சிக்கோவிலும் ஆர்ஜென்டீனாவிலும் வாயில் எடுக்கக் கூடாத கெட்ட வார்த்தை. அவர்களிடம் ‘அகாற’ என்று சொல்லலாம். ‘ற’வை நன்றாக உருட்டுங்கள்.

பழகும் முறை எளிது. எட்டு மீற்றர் சதுரத்தில் நான்கு பேர் ஓரத்திலும் ஒருவர் நடுவிலும் நிற்கும் பயிற்சி. அதன் பெயரே ஸ்பானியத்தில் ‘ரோந்தொ’. பந்து காலைவிட்டுப் போகும் கணத்திலேயே, கொடுப்பவர் ‘சோலொ’ அல்லது ‘தெ யேக’ சொல்ல வேண்டும். பந்து சேர்ந்த பிறகு சொன்னால் சொன்னவர் நடுவுக்குப் போக வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், வாரத்துக்கு நான்கு சொல் போதும். முழு வாக்கியம் கற்பிப்பது வீண். இரண்டு சொல்லுக்கு மேற்பட்ட கூவலைக் கேட்டு முடிப்பதற்குள் பந்து போய்விடும்.

2030 உலகக் கிண்ணம் ஸ்பெயின், போர்த்துக்கல், மொரோக்கோ நாடுகளில் நடைபெற, தொடக்க ஆட்டங்கள் சில உருகுவே, ஆர்ஜென்டீனா, பரகுவேயில் இடம்பெறவுள்ளன. அதுவரை காத்திராமல் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வாரம் நான்கு சொற்களைத் தமிழ் எழுத்தில் வெளியிடுமாறு வேண்டுகிறேன். ‘அட்லெட்டிகோ மெட்ரிட்’ என்று அச்சாகும் கழகத்தின் பெயரையும் ‘அத்லேத்திக்கொ மத்ரீத்’ என்று எழுதத் தொடங்கலாமே.

உதைபந்தாட்டப் பயிற்றுநர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு – 13.