நாபைத் தொடாதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம். மாம்பழக் கூடை வந்து சேர்ந்ததா என்று கேட்டதற்கு “ம்” என்று ஒரு மெசேஜ் வந்தது. இப்போதெல்லாம் போன் எடுப்பதே இல்லை, எல்லாம் மெசேஜ்தான். சரி, வேலை இருக்கும்.

நீ படங்களுக்குப் போட்டு அனுப்பிய பிஜிஎம்களைக் (பின்னணி இசை) கேட்டேன். மழைக் காட்சியில் வசனம் முடிகிறவரை வயலினை அடக்கி வைத்து, அவன் கதவைச் சாத்தியதும் மேலே ஏற்றியிருக்கிறாய். அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை. அம்மாவைக் கூப்பிட்டு மறுபடி போட்டுக் காட்டினேன். ஆனால் ஷேக்கர், ஹைஹாட் தாளச் சத்தங்கள் இரண்டும் காதைக் குத்துகின்றன. போன வருஷம் அனுப்பியதில் இப்படி இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார். 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே எவ்வளவு ஏற்றியிருக்கிறாய் என்று ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற உன் ஈக்யூவே சொல்லும்.

முதலில் வால்யூமை ஒரு இடத்தில் நிறுத்து. பெரிய மிக்ஸிங் தியேட்டரில் ஸ்பீக்கருக்கு 85 டெசிபல் வைப்பார்கள். உன் ரூம் பத்துக்குப் பத்து, உயரமும் பத்தடி, ஆக 1000 கன அடி. அதற்கு 76 போதும். பிங்க் நாய்ஸ் என்கிற ‘ஷ்’ சோதனைச் சத்தத்தை, கம்ப்யூட்டர் மீட்டரில் மைனஸ் 20 டெசிபல் காட்டும்படி ஓட்டு. சத்தம் அளக்கிற மீட்டரை ‘சி வெயிட்டிங்’, ‘ஸ்லோ’ என்ற செட்டிங்கில் வைத்து, நீ உட்காரும் இடத்தில் காது உயரத்தில் பிடித்து, ஒவ்வொரு ஸ்பீக்கராக அள. 76 வந்ததும் வால்யூம் திருகுகிற நாபில் மார்க்கரால் கோடு போடு. அப்புறம் அந்த நாபைத் தொடாதே. சத்தமாகக் கேட்டால் பேஸ் தானாகத் தடித்துக் கேட்கும். அதை நம்பிக் குறைத்துவிடுவாய், டிவியில் வரும்போது சவசவ என்றிருக்கும். காது களைத்துவிட்டால் ட்ரெபிள் போதவில்லை என்று தோன்றும், இன்னும் ஏற்றுவாய்.

85 டெசிபல் என்றால் காதுக்குக் கெடுதல் வராமல் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் கேட்கலாம். அதற்கு மேல் 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2, 94-க்கு 1. ஹெட்போனில் எவ்வளவு போகிறது என்று உன் மீட்டரால் அளக்க முடியாது. அதனால் ராத்திரி கம்ப்யூட்டரில் இசை புரோகிராமிங் செய்வதை ஹெட்போனில் செய்யாதே.

வேலை விஷயம். நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ காலம் மாதிரி சம்பளத்துக்கு ஆள் வைக்கிற கம்பெனி இப்போது கிடையாது, ஏற்காடு ரோட்டில் வளைவு மட்டும் நிற்கிறது. தரமணி ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் பிள்ளைகளின் குறும்படங்களைக் கேட்டு வாங்கு. அதிலும் வசனம் நிறைய உள்ள காட்சியாக எடு. வாய்ப்புக் கேட்டு அனுப்பும் மாதிரித் தொகுப்பு, அதாவது ஷோரீல், 3 நிமிஷம் தாண்ட வேண்டாம், படத்தோடு அனுப்பு. வெறும் பாட்டைக் கேட்டால் உனக்குக் காட்சி புரிகிறதா என்று டைரக்டருக்குத் தெரியாது. ஷாட் மாறுகிற ‘கட்’ இடத்தில் பீட் விழவில்லையென்றால் டெம்போவை ஒன்றிரண்டு நகர்த்து. 24 ஃபிரேம் படத்தில் 1440-ஐ பிபிஎம்மால் (நிமிஷத்துக்கு எத்தனை பீட்) வகுத்தால் ஒரு பீட்டுக்கு எத்தனை ஃபிரேம் என்று வரும்: 120-க்கு 12, 90-க்கு 16. எடிட்டிங் முடிந்து லாக் ஆகாமல் லைவ் வயலின் எடுக்காதே, கட் மாறினால் காசு போச்சு. வாத்திய வாரியாகப் பிரித்துக் கொடுக்கும் ஸ்டெம்ஸ் ஃபைல் எல்லாம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். 44.1-ல் கொடுத்து அவர்கள் மாற்றாமல் 48-ல் ஓட்டினால் சுருதி முக்கால் கட்டை ஏறிவிடும்.

டைட்டில் கார்டில் பேர் போடுவதாக வாயால் மட்டும் சொன்ன ஆள் விஷயம் நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். எதையும் எழுத்தில் வாங்கு. எங்களிடம் பேசும்போது மட்டும் உனக்கு ரோஷம் வருகிறது, அங்கே வாய் திறப்பதில்லை. காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டரில் படத்தோடு ஓடுவது போக மற்ற இடங்களில் வரும் ராயல்டியில் இசையமைப்பாளரின் பங்கை எழுதி வாங்கிக்கொண்டாலும் செல்லாது. ஆனால் படத்தில் எந்த இசை எங்கே வருகிறது, யாருடையது என்று எழுதும் கியூ ஷீட்டில் கம்போஸர் என்று உன் பேர் இருக்க வேண்டும். ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் மெம்பர்ஷிப்பும் போட்டு வை.

இன்னொன்று. காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கிற ஆடியோகிராம் ஒன்று எடுத்துவிடு. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் எடுக்க வேண்டியதுதான், வேறொன்றும் நினைக்காதே. 250-லிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை பார்ப்பார்கள். சத்தத்தால் வரும் கேட்புக் குறைவு முதலில் 4000 பக்கத்தில் பள்ளமாகத் தெரியும். பேச்சு கேட்கும், ஆனால் ச, ஸ, த எல்லாம் போனில் குழம்பும். ஸ்டூடியோவிலிருந்து நேரே போகாதே, 14 மணி நேரமாவது சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போ. இங்கேயே எடுக்கலாம் என்றால் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறு, விடிகாலையில் ஸ்டேஷனில் நிற்கிறேன். ஆடிக்கு முன்னால் வா. கோட்டை மாரியம்மன் பண்டிகை தொடங்கினால் தெருவுக்குத் தெரு ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள், அப்போது வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். போன் சரிப்படாவிட்டால் வீடியோவில் வா. வெளிச்சத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுகிறேன்.

அப்பா