அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் வட்டார அளவில் பரிசு வாங்கினார்கள். கபடி அணி குறுவட்டப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்தது. மழையில் ஒழுகிய ஆறாம் வகுப்புக் கூரையைச் சரிசெய்தாயிற்று. விடைத்தாள்களைப் பள்ளி திறந்ததும் தருவோம்.

இந்தப் பருவத்தில் நடந்த இன்னொன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளின் பெற்றோருக்காக மூன்று சனிக்கிழமைகளில் வல்லுநர்களை அழைத்திருந்தோம். முதல் கூட்டத்துக்கு 11 பேர் வந்தீர்கள், அடுத்ததற்கு 6 பேர், கடைசிக் கூட்டத்துக்கு 4 பேர். மூன்றிலும் ஒரு அப்பாகூட இல்லை.

சனிக்கிழமை வாரக்கூலி வாங்கும் நாள் என்பதை நாங்கள் யோசித்திருக்க வேண்டும். இனி ஞாயிறு காலையில் வைக்கிறோம். ஆனால் ஒரு அம்மா என்னிடம் வேறொரு காரணமும் சொன்னார்: "அங்க போனா நம்ம பிள்ளைக்கு என்னமோன்னு தெருவே பேசும் டீச்சர்." அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அதனால் அடுத்த கூட்டத்துக்குப் பள்ளியின் எல்லாப் பெற்றோரையும் அழைக்கிறேன். யார் எதற்கு வந்தார்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

வராதவர்களுக்காக, அங்கே பேசியதில் கொஞ்சம் சொல்கிறேன். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் கற்றல் குறைபாடு பற்றிப் பேசினார். வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்லும் பிள்ளை, எழுதும்போது புள்ளியை விடுகிறான், 'ன'வும் 'ண'வும் குழம்புகிறது, பலகையைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. இவனைத்தான் நாம் சோம்பேறி என்கிறோம். அவனுக்கு அறிவில் குறைவில்லை, எழுத்தை மூளை வாங்கிக்கொள்ளும் விதம்தான் வேறு. அடித்தால் அது மாறாது. இயன்முறை மருத்துவர், மூளை முடக்குவாதம் (மூளைப் பாதிப்பால் கை கால் அசைவு கட்டுப்படாத நிலை) உள்ள குழந்தை உட்காரும்போது கால் அந்தரத்தில் தொங்கக் கூடாது, ஒரு பலகையோ செங்கல்லோ கீழே வைத்தால் கைக்கும் பிடிமானம் வரும் என்று செய்தே காட்டினார். உளவியலாளர் சொன்னது எங்களுக்கும் பாடம். ஆட்டிசம், அதாவது பேசுவதும் பழகுவதும் மற்றவர்களைப்போல் இல்லாமல் வேறு விதமாக இருக்கும் வளர்ச்சி நிலை, உள்ள சில குழந்தைகளுக்கு மிக்சி சத்தமும் பள்ளி மணியும் தாங்க முடியாத வேதனையாம். மறு வாரமே மூன்றாம் வகுப்பு வாசலில் தொங்கிய மணியை அலுவலகப் பக்கம் மாற்றிவிட்டோம்.

இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும்.

ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் சிலர் பிள்ளையின் குறைபாட்டுக்கான மருத்துவச் சான்றுக்கு இன்னும் போகவில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தகுதியுள்ள மாணவருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், சொல்வதை எழுதுபவரும் மொழிப்பாட விலக்கும் உண்டு. சான்று இல்லாமல் எதையும் வாங்கித் தர என்னால் முடியாது. தேர்வுக்கு முந்தின வாரம் வந்து அழாதீர்கள். உங்கள் தயக்கத்துக்கு மதிப்பெண்ணை இழக்கப் போவது பிள்ளைதான்.

அடுத்தது, தங்கள் பிள்ளையை 'அந்தப் பையன்' பக்கத்தில் உட்கார வைக்க வேண்டாம் என்று போன மாதம் இரண்டு பெற்றோர் கேட்டார்கள். மாற்ற மாட்டேன். ஆட்டிசமோ வலிப்போ ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. எல்லாரோடும் சேர்ந்து படிப்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அந்தக் குழந்தைக்குத் தந்த உரிமை. பழைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. புதிய சட்டத்தில் 21 இருக்கின்றன. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் பட்டியலில் சேர்ந்தது அப்போதுதான். அந்தப் பையனின் அம்மாவும் இந்தக் கடிதத்தைப் படிப்பார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடுமையாகச் சொல்லிவிட்டேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் வேலை, இரவெல்லாம் பிள்ளை என்று ஓடுகிற உங்கள் சோர்வை அருகில் இருந்து பார்க்கிறவள் நான். மூன்று கூட்டங்களுக்கும் தவறாமல் வந்து பேரனுக்காகக் கேள்வி கேட்ட பாட்டிக்கு நன்றி. மற்றவர்கள் கூட்டத்தில் இருந்தபோது குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட சத்துணவு அம்மாவுக்கும், நாற்காலி எடுத்துப்போட்ட பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் நன்றி.

பொங்கல் விடுமுறைக்கு அடுத்த ஞாயிறு காலை 10 மணிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலிருந்து வருகிறார்கள். அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை, ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ அறிவுசார் குறைபாடோ உள்ளவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை காப்பீடு தரும் நிராமயா திட்டம், 18 வயதுக்குப் பின் சட்டப்படியான பாதுகாவலர் நியமனம் என்று எல்லாவற்றையும் விளக்குவார்கள். ஆதார் நகலும் பிள்ளையின் புகைப்படமும் கொண்டு வாருங்கள். அப்பாக்கள் கட்டாயம் வாருங்கள். குழந்தைகளையும் அழைத்து வரலாம், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்