வியன்னாவில் நாலு கட்டை

வியன்னா,
மார்கழி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள், சித்தி, ஆச்சி, மதினி, குட்டிப்பயல் எல்லாரும் நலந்தானே? உங்கள் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்று பக்கம் பாட்டுக்கே போய்விட்டது. பத்திர விஷயத்தைக் கடைசிப் பக்கத்து ஓரத்தில் நெருக்கி எழுதியிருக்கிறீர்கள். நானும் அதே வரிசையில் பதில் எழுதுகிறேன், சித்தி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தம்பி போனில் போட்டுக் காட்டிய பாட்டைப் பற்றி, "இப்படிக் கத்துகிறாளே, சுருதி எங்கே, சாகித்தியம் எங்கே, அது எந்தக் கட்டை?" என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டையை, அதாவது சுருதியின் உயரத்தை, முதலில் சொல்லிவிடுகிறேன்.

அது மொசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓபராவில் இரவு ராணி பாடுவது. 1791 செப்டம்பர் 30 அன்று இதே ஊரில் முதலில் மேடையேறியது. அன்றைக்கு ராணியாகப் பாடியவர் மொசார்ட்டின் மனைவிக்கு அக்கா, யோசெஃபா ஹோஃபர். கொழுந்தியாளின் தொண்டை எதுவரை போகும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார். உச்சியில் வருவது எஃப் என்கிற ஸ்வரம், நம் ஆர்மோனியப் பெட்டிக் கணக்கில் நாலு கட்டை. ஆனால் எந்த நாலு கட்டை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஐந்து கட்டை சுருதியில் பாடுகிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் ஸ்தாயியான தாரஸ்தாயியில் பஞ்சமத்தைத் தொட்டு நின்றாலே நம் சபையில் கைதட்டல் விழும். இங்கே தாரஸ்தாயி ஸட்ஜத்தைத் தாண்டி, அதற்கும் மேலே இருக்கிற ஸட்ஜத்தையும் தாண்டி, அங்கிருந்து ஏழாவது ஸ்வரமான கைசிகி நிஷாதம் வரை போக வேண்டும். கிட்டத்தட்ட 1,397 ஹெர்ட்ஸ். உங்கள் பெட்டியில் அந்த இடத்தில் சாவியே கிடையாது. மூன்று நிமிஷப் பாட்டில் நாலு தடவை அந்த எஃப் வருகிறது. அதே பாட்டில் சரியாக இரண்டு ஸ்தாயி கீழேயும் இறங்கிக் கோபத்தைக் காட்ட வேண்டும். மேலே மட்டும் போகிற சின்னக் குரல்கள் அந்தக் கீழ்ப் பகுதியில் அடிபட்டுப் போகும். தம்பி காட்டிய பதிவில் அதைக் கேட்டீர்களா? யாரும் கேட்பதில்லை, எல்லாரும் உச்சிக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. மொசார்ட் காலத்துச் சுருதி இன்றைக்கு உள்ளது இல்லை. இப்போது வியன்னா வாத்தியக்காரர்கள் 'ஏ' ஸ்வரத்தை 443 ஹெர்ட்ஸ் பக்கம் வைக்கிறார்கள், அன்றைக்கு அது 420 பக்கம். அவர் நாலு கட்டை என்று எழுதியது இன்றைய மூன்று கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே ஒலித்திருக்கும். பெட்டியில் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புச் சாவி கிடையாது என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக, இன்றைய பாடகிகள் யோசெஃபா ஹோஃபர் பாடியதைவிட ஏறக்குறைய ஒரு சாவி உயரத்தில் பாடுகிறார்கள்.

நீங்களும் பெரியப்பாவும் நாடகப் பாடகர் கிட்டப்பாவின் இசைத்தட்டுகளை வைத்து ஐந்தா ஐந்தரையா என்று மல்லுக்கு நிற்பதும் இதே வில்லங்கம்தான். தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று ஓட வேண்டும். ஆறு சதவீதம் வேகம் கூடினால் ஒரு சாவி ஏறிவிடும். அதாவது 82, 83 சுற்றில் ஓடினால் ஐந்து கட்டை ஐந்தரை ஆகிவிடும், குரலும் மெலிந்து இளசாகத் தெரியும். பழைய தட்டுகள் எல்லாம் 78-இல்தான் பதிவானவை என்றும் சொல்ல முடியாது. மெல்பா, தெத்ரத்ஸீனி என்று அந்தக் காலத்துப் பாடகிகளின் தட்டுகளுக்கும் இங்கே இதே பஞ்சாயத்து நடக்கிறது. தட்டின் வேகம் தெரியாமல் கட்டையைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பார் இங்கே என் கீழ்வீட்டில் இருக்கிற ஆச்சி. அவரும் பெரியப்பாவும் ஒருநாள் நேரில் சந்திக்க வேண்டும்.

கீழ்வீட்டு ஆச்சி மாறவே இல்லை. ஓபராவில் பின்னால் நின்று கேட்கிற இடம் உண்டு, டிக்கெட் அங்கேதான் மலிவு. இடம் பிடித்ததற்கு அடையாளமாகக் கம்பியில் சால்வையைக் கட்டிவிட்டு வெளியே போகலாம், யாரும் அவிழ்க்கமாட்டார்கள். ஆச்சி இரண்டு சால்வை கட்டுவார், ஒன்று எனக்கு. பக்கத்துக் கம்பியில் மீசைத் தாத்தா. இருவருக்கும் சண்டை ஒரே விஷயத்தில்தான்: எந்தப் பாடகி உசத்தி, லூசியா போப் என்பவரா, எடிதா குருபெரோவா என்பவரா? இரண்டு பேருமே ஆற்றோரமாகப் போனால் பக்கத்திலிருக்கிற பிராட்டிஸ்லாவா வட்டாரத்துக்காரர்கள். போப், கிளெம்பெரர் நடத்திய 1964 பதிவில் இரவு ராணியைப் பாடியவர். பிறகு அந்தப் பாத்திரத்தை விட்டுவிட்டு மென்மையான வேஷங்களுக்குப் போய்விட்டார். குருபெரோவா 1970-இல் இங்கே ராணியாக வந்தார். 1976-இல் கார்ல் பேம் நடத்திய, ஸ்ட்ராவுஸின் 'அரியாட்னே' ஓபராவில் செர்பினெட்டா என்ற பாத்திரத்தைப் பாடியதும் ஊர் முழுக்க அவர் பேச்சுத்தான். 2021-இல் காலமானார், சண்டை மட்டும் ஓயவில்லை.

தாத்தாவின் குற்றச்சாட்டு: குருபெரோவா ஸ்வரத்தை நேராகப் பிடிக்காமல் கீழேயிருந்து வழுக்கிக்கொண்டு ஏறுகிறார். ஆச்சியின் பதில்: உச்சியில் நின்றுகொண்டு, நீட்டிப் பிடித்த கார்வையை நூலாக மெலிய வைத்து, மறுபடி திறக்க வேறு யாரால் முடிந்தது? இரண்டும் உண்மைதான். ஜாருவாக வழுக்கி ஏறுவது நமக்குக் குற்றமே இல்லை என்பதால் தாத்தாவின் கோபம் எனக்கு முதலில் பிடிபடவில்லை. ஆனால் இவர்கள் சங்கீதத்தில் எழுதிய ஸ்வரத்தின் நடுவில் விழ வேண்டும், வழியில் எதையும் தொடக்கூடாது. என் கட்சி இப்படி: ராணிக்குப் போப், செர்பினெட்டாவுக்குக் குருபெரோவா. அந்தச் செர்பினெட்டா பாட்டு பத்து நிமிஷத்துக்கு மேல் போகும். ஸ்ட்ராவுஸ் 1912-இல் எஃப் ஷார்ப் வரை எழுதிவிட்டு, 1916-இல் வியன்னாவுக்காகத் திருத்தும்போது நீளத்தையும் குறைத்துக் கொஞ்சம் கீழேயும் இறக்கினார். இறக்கியும் அது லேசுப்பட்டது இல்லை.

இந்த வகைக் குரலுக்குக் கொலரத்தூரா சொப்ரானோ என்று பெயர். நம் பாஷையில் பிருகா சாரீரம், ஸ்வரங்களை வேகமாக உதிர்க்கிற குரல், அதுவும் மேல்ஸ்தாயி பிருகா. நம் பாடகர் ஜி.என்.பி.யின் பிருகாவை எப்படிக் கேட்கச் சொல்லிக்கொடுத்தீர்களோ அப்படித்தான் இதையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக விழுகிறதா, இல்லை ஒரே இழுப்பில் பூசி மெழுகுகிறார்களா? இரவு ராணியில் ஸ்வரங்களைக் கொத்திக் கொத்திப் பாடுகிற இடம் வருகிறதே, அங்கே 'ஹ ஹ ஹ' என்று காற்று கேட்டால் தந்திரம் நடக்கிறது என்று அர்த்தம். குரல்நாண் ஒவ்வொரு தடவையும் சுத்தமாகக் கூட வேண்டும், மூச்சால் தள்ளிக் கூட்டினால் காற்று ஒழுகும், நாலாவது கொத்துக்குள் மூச்சு தீர்ந்து சுருதி இறங்கும். குரல்வளையை மேலே தூக்கிக் கழுத்தை இறுக்கினாலும் இறங்கும். பயந்து அழுத்தினால் மேலே ஓடும். உச்சியை விட அதற்கு முந்தின இரண்டு ஸ்வரத்தைக் கவனியுங்கள், வரப்போகிற விபத்து அங்கேயே தெரிந்துவிடும். தாளத்தையும் பாருங்கள். பாடகிக்குச் சிரமம் என்றால் ஆர்கெஸ்ட்ரா நடத்துகிறவர் அந்த இடத்தில் மட்டும் நைசாக நிதானிப்பார். ஆச்சி காலால் தாளம் போட்டே கண்டுபிடித்துவிடுவார்.

சாகித்தியம் எங்கே என்று கேட்டீர்களே, அது நியாயமான கேள்வி. அந்த உயரத்தில் சாகித்தியத்துச் சொல் தெளிவாகக் கேட்க முடியாது. வாய்க்குள் ஒவ்வொரு உயிரெழுத்துக்கும் ஓர் அதிர்வு இடம் உண்டு. 'ஈ', 'ஊ' என்றால் 300, 400 ஹெர்ட்ஸ், 'ஆ' என்றால் 800, 1,000. பாடுகிற ஸ்வரமே 1,400-இல் இருக்கும்போது எல்லா எழுத்தும் ஒரே எழுத்தாகிவிடும். ஆகவே தாடையை நன்றாகத் திறந்து 'ஆ' பக்கம்தான் போக வேண்டும். அகாரத்தில்தான் அங்கே வேலை. 'ஈ'யை விடமாட்டேன் என்று பல்லைக் கடித்தால் ஸ்வரம் சப்பையாகிவிடும்.

இன்னொன்றையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். மைக் கிடையாது. முழு ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கடைசி வரிசை வரை தொண்டை மட்டும்தான். 1,400-க்கு அடுத்த மடங்கு 2,800, நம் காது ரொம்பக் கூர்மையாகக் கேட்கிற இடம் அதுதான். ஆகவே கத்தாமலே போய்ச் சேரும். போனுடைய சின்ன ஸ்பீக்கர் அந்தப் பகுதியை மட்டும் தூக்கிக் காட்டும், அதனால்தான் உங்களுக்குக் கத்துவதாகப் பட்டது. கிட்டப்பா 1933-இல், 27 வயதில் போகும்வரை நாடகக் கொட்டகையில் கடைசி ஆளுக்குக் கேட்கத்தானே அத்தனை உயரத்தில் பாடினார்? செங்கோட்டைக்காரருக்கு ஒரு நியாயம், இவர்களுக்கு ஒரு நியாயமா சித்தப்பா?

உச்சி எழுதப்படாமலே வருகிற பாட்டுகளும் உண்டு. 1835-இல் தொனிசெத்தி எழுதிய 'லூச்சியா'வில் பைத்தியக் காட்சியின் கடைசியில் எல்லாரும் காத்திருக்கிற ஈ ஃப்ளாட் அவர் எழுதியது இல்லை. புல்லாங்குழலோடு போட்டிபோடுகிற கல்பனையும் பிற்காலத்தார் சேர்த்தது. அவர் முதலில் வாத்தியமாக நினைத்ததும் புல்லாங்குழல் இல்லை, தண்ணீர் தொட்டுக் கண்ணாடியைத் தேய்த்து வாசிக்கிற கருவி. உச்சி எட்ட வேண்டும் என்று சுருதியை ஒரு முழு ஸ்வரம் இறக்கிப் பாடுகிறார்கள். எழுதியதை மட்டும் பாடு என்று ஒரு கட்சி, 1959-இல் லண்டனில் ஜோன் சதர்லாண்ட் பாடியதைக் கேட்டவன் இப்படிப் பேசமாட்டான் என்று எதிர்க்கட்சி. ஒரு வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுகிற நிரவல் பழகின நமக்கு இதில் என்ன சண்டை என்று தோன்றும்.

சித்திக்கு ஒரு தகவல்: 1883-இல் பாரிஸில் வந்த 'லாக்மே' என்ற ஓபராவில் கதாநாயகி நம் நாட்டுக் கோயில் குருக்கள் மகள். மணி ஓசையைக் குரலில் காட்டி ஒரு பெரிய பாட்டுப் பாடிவிட்டு, கடைசியில் ஊமத்தை இலையைத் தின்று செத்துப்போகிறாள்.

குளிர் பரவாயில்லை. வீட்டு ஹீட்டரைக் குறைத்தே வைத்திருக்கிறேன், சூடு அதிகமானால் தொண்டை காய்ந்துவிடும் என்கிறார்கள். ஆச்சி தினமும் எதையாவது கொண்டுவந்து தருகிறார். நேற்று ரொட்டியைப் பிசைந்து வேகவைத்த உருண்டை, பூரணம் இல்லாத கொழுக்கட்டை மாதிரி. நல்ல பசியில் நன்றாகத்தான் இருந்தது. சாப்பாட்டுக்குக் குறை ஒன்றும் இல்லை என்று ஆச்சியிடம் சொல்லுங்கள், உங்கள் ஆச்சியிடம், இல்லை, நம் ஆச்சியிடம். இரண்டு ஆச்சி ஆகிவிட்டதில் எனக்கே குழம்புகிறது.

ராத்திரி கொல்லம் வண்டி ஆரியங்காவு மலை ஏறப் புறப்படும்போது ஊதுமே, அது என்ன ஸ்வரம் என்று பெட்டியில் பிடித்துக் காட்டுவீர்களே, இப்போதும் செய்கிறீர்களா? தம்பியிடம் சொல்லி அந்தச் சத்தத்தை ஒருதடவை பதிவுபண்ணி அனுப்பச் சொல்லுங்கள். வண்டி மட்டும் போதும். பெட்டியும் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. நீங்கள் ஏதாவது பேசிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை.

சரி, பத்திரம். புளியரை நிலத்தில் என் பங்குக்குப் பவர் கொடுக்க எனக்கு முழுச் சம்மதம். இங்கே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். வேலை கொஞ்சம் நெருக்கடி, அடுத்த மாதம் போய்விடுவேன். அது உங்கள் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும், தாண்டினால் வீண் அலைச்சலாகிவிடும். தாத்தா காலத்துத் திருவிதாங்கூர் பத்திரத்தை லேமினேட் பண்ண விடாதீர்கள், முத்திரையைத் தடவிப் பார்க்க முடியாமல் போகும். எல்லை அளக்கும்போது அத்தையையும் கூப்பிடுங்கள். கூப்பிடாமல் அளந்தால் அவர் கையெழுத்துப் போடமாட்டார் என்று உங்களுக்கே தெரியும்.

தம்பியின் நிச்சயத்துக்கு நான் அனுப்புகிறேன் என்று சொன்ன பணம் தை பிறந்து வரும். வருஷக் கடைசியில் இங்கே பேங்க் கொஞ்சம் மெதுவு, வேறொன்றும் இல்லை. மதினியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். புனலூர்க்காரர்கள் மலையாளத்துச் சத்ய விருந்துதான் போடுவோம் என்று நின்றால் விட்டுக்கொடுங்கள். ஆனால் மறுநாள் சாப்பாட்டுக்குச் சொதி நம் பக்கத்து ஆள்தான் வைக்க வேண்டும் என்று இப்போதே பேசிவிடுங்கள். தவசிப்பிள்ளைக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா, எவ்வளவு பேருக்குச் சொல்லியிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
பாப்பா