பத்துக் கிலோ வாள் எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் இடைக்கால ஐரோப்பிய வீரர்களைப் பற்றி வந்த கட்டுரையின் நான்கு பக்கங்களையும் படித்தேன். ஒரு வரியை மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. "பத்துக் கிலோ வாளைத் தூக்கி வீச உடம்பில் வலு இருந்தால் போதும், அதற்குக் கலை எதற்கு?"

என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம், எடை 52 கிலோ, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நியூரம்பெர்க்கில் ஒரு விளையாட்டுக் கூடத்தில் ஆறு வருடமாக வாரம் இரண்டு நாள் நீள்வாள் பழகுகிறேன். அந்த வரியைப் படித்த இரவே என் பயிற்சி வாளைச் சமையலறைத் தராசில் குறுக்கே வைத்துப் பார்த்தேன். 1 கிலோ 480 கிராம். அருங்காட்சியகங்களில் இருக்கும் அந்தக் காலத்து நீள்வாள்களும் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவை ஒட்டியவைதான். பத்துக் கிலோவை யார் எத்தனை நேரம் சுழற்றுவார்கள்?

சரி, எண் என்றால் கை தவறி வந்திருக்கலாம். "கலை எதற்கு" என்று கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. 14ஆம் நூற்றாண்டில் யோஹான்னஸ் லீஷ்டெனவர் என்ற ஆசான் வாள்வித்தை முழுவதையும் செய்யுளாகக் கட்டி வைத்தார். "இளம் வீரனே, கடவுளை நேசி, பெண்களை மதி" என்றுதான் அது தொடங்கும். வேண்டாதவர் கையில் வித்தை சிக்கக்கூடாது என்று வேண்டுமென்றே பூடகமாகச் சொல்லியிருப்பார். நம் சூத்திரங்களைப் போல உரை இல்லாமல் ஒரு வரி புரியாது. அப்புறம் 15ஆம் நூற்றாண்டில் ஸிக்மண்ட் ரிங்கெக் போன்றவர்கள் உட்கார்ந்து வரிவரியாக உரை எழுதினார்கள். சூத்திரமும் உரையும் என்றால் என்னவென்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஒன்றைக் கலை இல்லை என்று தங்கள் பத்திரிகையே எழுதலாமா?

அந்தச் செய்யுளும் அதற்கு வேறோர் உரையும் உள்ள பழைய கையெழுத்துப் பிரதி ஒன்று இதே ஊர் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. லீஷ்டெனவர் இந்த வித்தையைக் கண்டுபிடிக்கவில்லை, பல நாடுகள் சுற்றித் தேடிக் கற்றார் என்று அதை எழுதியவர் நேர்மையாகச் சொல்கிறார். பார்ப்பவர் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று வாளை அகலமாக வீசுகிறவர்களை அதே பக்கங்களில் திட்டவும் செய்கிறார். தங்கள் கட்டுரையாளர் விவரித்திருக்கும் வீச்சு, அந்த ஆசான்களே வேண்டாம் என்று ஒதுக்கிய வீச்சு.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னோடு பழகுகிறவர் ஒருவர் லாரி ஓட்டுநர், ஆறடிக்கு மேல் இருப்பார். முதல் வருடம் வாளும் வாளும் மோதியதும் அவர் அழுத்துவார், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவேன், பின்னால் சரிவேன். அந்த ஆசான்கள் 'ஃப்யூலன்' என்று ஒன்று சொல்கிறார்கள். உணர்தல் என்று அர்த்தம். வாள்கள் தொட்டுக்கொண்ட அந்தக் கணத்திலேயே எதிராளி இறுக்கமாக நிற்கிறாரா, தளர்ந்து நிற்கிறாரா என்பதை உள்ளங்கையால் கண்டுகொள்ள வேண்டும். அவர் அழுத்தினால் நாம் அழுத்தக்கூடாது. ஒரு நாள் அவர் தள்ளினார், நான் வாளைச் சட்டென்று விலக்கிக்கொண்டேன். அவர் பலமெல்லாம் காற்றில் போயிற்று, என் வாள் மறுபக்கமாக வந்து அவர் முகமூடியின் மேல் 'டங்' என்று விழுந்தது. அவர் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 52 கிலோ உடம்புக்கு எந்த வலு இதைச் செய்தது என்று தங்கள் கட்டுரையாளர் சொல்லட்டும்.

இன்னொன்று, மூன்றாம் பக்கத்துப் படம். அது ஹன்ஸ் டால்ஹோஃபர் என்ற வாள்வித்தை ஆசானின் 1467ஆம் ஆண்டுப் பிரதியில் உள்ளது. ஆண் இடுப்பளவு குழிக்குள் தடியோடு நிற்கிறான், பெண் முக்காட்டுத் துணியில் கல்லை முடிந்துகொண்டு வெளியே நிற்கிறாள். "கணவனுக்குத் தண்டனை கொடுக்கும் மனைவி" என்று போட்டிருக்கிறீர்கள். அது தண்டனை இல்லை, வழக்கைத் தீர்க்கும் சண்டை. இருவருக்கும் பலம் சமமாக வேண்டும் என்றுதான் ஆணைக் குழியில் இறக்கினார்கள். பிரதி முழுவதும் மியூனிக் நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஐந்து நிமிடம் பார்த்திருக்கலாம்.

"எல்லாம் பிரபுக்களின் பொழுதுபோக்கு" என்றும் எழுதியிருக்கிறது. 1487இல் பேரரசர் மூன்றாம் ஃபிரெடரிக்கிடம் உரிமைப் பட்டயம் வாங்கிய ஃபிராங்ஃபர்ட் 'மார்க்ஸ் சகோதரர்கள்' என்ற வாள்வித்தைச் சங்கத்தார் பெரும்பாலும் நகரத்துக் கைவினைஞர்கள். ஆஸ்திரியப் பிரபுக்களின் மல்யுத்த ஆசான் ஓட், ஞானஸ்நானம் பெற்ற யூதர். யோவாகிம் மையர் கத்தி செய்கிறவர். கடன் வாங்கி 1570இல் அத்தனை படங்களோடு வாள்வித்தைப் புத்தகம் அச்சிட்டார். மறு வருடக் குளிர்காலத்தில் ஷ்வெரின் நகருக்கு வேலைக்குப் போனவர், போய்ச் சேர்ந்த சில நாட்களில் இறந்துபோனார். கடன் மனைவி தலையில் விழுந்தது. எந்தப் பிரபுவின் பொழுதுபோக்கு இது?

மையரைப் பற்றி இரண்டு வருடத்துக்கு முன் தங்களுக்குக் கட்டுரை அனுப்பினேன். "பரிசீலிக்கிறோம்" என்று ஒரு வரி பதில் வந்தது, அதோடு சரி. இந்த இதழில் அவர் பெயர் 'ஜோச்சிம்' என்று வந்திருக்கிறது. அதற்கு முன் வைக்கிங் வீரர்களுக்குக் கொம்பு வைத்த தலைக்கவசம் போட்டுப் படம் வெளியிட்டபோதும் எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை. சோழர் காலக் கல்வெட்டில் ஓர் எழுத்து பிசகினால் மறு இதழிலேயே திருத்தம் போடுகிற பத்திரிகை இது. அந்த அக்கறைக்காகத்தான் பதினெட்டு வருடமாகச் சந்தா கட்டுகிறேன். தூர தேசத்து விஷயம் என்றால் மட்டும் அது ஏன் காணாமல் போகிறது?

வாளின் எடையையும் படத்தின் குறிப்பையும் அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள். ஒரு மூலையில் நான்கு வரி போதும். தராசில் வாளை வைத்து எடுத்த படத்தையும் இணைத்திருக்கிறேன், எண் தெளிவாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
நியூரம்பெர்க், ஜெர்மனி