செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் மூத்த உறுப்பினர்களுக்கும், குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு வந்திருக்கும் எக்ஸ்ரே டெக்னீஷியன்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். அதில் நான் வாய் கொடுப்பதாக இல்லை. ராண்ட்ஜன் 1895-இல் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த நவம்பர் 8-ஆம் நாளை வழக்கம்போல் நாகர்கோவிலில் கொண்டாடினோம்.

இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் தின்றது பேட்ஜ் விவகாரம். ஓர் உறுப்பினரின் டி.எல்.டி. பேட்ஜில், அதாவது உடம்பில் படும் கதிரை அளக்க நாம் குத்திக்கொள்ளும் பேட்ஜில், மூன்று மாத அளவு தாறுமாறாக ஏறி, விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. மனிதர் பயந்துபோய் ரத்தப் பரிசோதனை வரைக்கும் போய்விட்டார். எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். துணைத்தலைவரும் நானும் நேரில் போய்ப் பார்த்தோம். வேலை முடிந்ததும் கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனை, அதில் குத்திய பேட்ஜோடு, எக்ஸ்ரே அறைக்குள்ளேயே செஸ்ட் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போவது அவர் பழக்கம். அவர் வீட்டில் உறங்கியபோது நைட் டூட்டிக்காரர் எடுத்த படமெல்லாம் இவர் கணக்கில் ஏறியிருக்கிறது. அதை அப்படியே எழுதிக் கொடுக்க வைத்தோம்.

இன்னொரு வகையும் உண்டு. அறுவையின்போதே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் கருவி உள்ள தியேட்டரில் தினமும் நிற்கும் சிலருக்கு ஆண்டு முழுக்கப் பூஜ்யம் வருகிறது. பேட்ஜ் மேசை டிராயரில் கிடந்தால் பூஜ்யம்தான் வரும். அந்தக் கடிதத்தைவிட இந்தப் பூஜ்யம்தான் எனக்குப் பயம். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் நமக்கு வைத்த வரம்பு, தொடர்ந்து 5 ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரின் அளவு); எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் ஓர் ஆண்டில் 50 வரை விடுகிறது, நம் வாரியம் அதைவிடக் கறார். ஆனால் டிராயருக்குள் கிடக்கும் பேட்ஜுக்கு எந்த வரம்பை வைத்து என்ன பயன்? பேட்ஜ் ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் இருக்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் மட்டும் எழும் கேள்வி ஒன்று இந்த முறையும் வந்தது. “மணவாளக்குறிச்சி மணலில்தான் தோரியம் கிடக்கிறதே, அதற்கு யார் பேட்ஜ் கொடுத்தார்கள்?” நியாயமான கேள்வி. வாரியத்தின் வரம்பு வேலையில் வாங்கும் அளவுக்கு மட்டும். மண்ணிலிருந்து வருவதும், நமக்கே நோய் வந்து எடுக்கும் சி.டி.யும் அதில் சேராது. கேட்டவருக்குத் திருப்தி இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

கவச ஆய்வாகச் சில சென்டர்களைப் பார்த்தோம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஏறக்குறைய 2 மி.மீ. ஈயத்துக்குச் சமம் என்று எல்லாருக்கும் தெரிகிறது, சுவரில் குறையில்லை. கதவில்தான் கோட்டை விடுகிறார்கள். உள்ளே ஈயத்தகடு உண்டா என்று கேட்டால், பெயின்ட் எந்தக் கம்பெனி என்று சொல்கிறார்கள். ஏப்ரன்களை நான்காய் மடித்து வைக்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது? மடிப்பில் விழும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது, ஃபுளோரோவில், அதாவது ஓடும் எக்ஸ்ரே படத்தில், பார்த்தால்தான் தெரியும். வார்டில் மொபைல் எக்ஸ்ரே எடுக்கும்போது ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்குத் தள்ளி நின்றால் அவர்மேல் படும் சிதறல் கதிர் கால்வாசியாகும். அந்த இரண்டு எட்டுக்குக் காசு செலவில்லை.

கருத்தரங்கில் சூடு பறந்தது, இனப்பெருக்க உறுப்பைக் காக்க நோயாளியின் இடுப்பில் ஈயம் வைப்பது பற்றி. அமெரிக்காவின் தேசிய கதிர்வீச்சுப் பாதுகாப்பு மன்றம் 2021-இல் அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டது. உடம்புக்குள்ளேயே சிதறும் கதிரை அது தடுக்காது; தப்பாக வைத்தால் பார்க்க வேண்டிய இடத்தை மறைக்கும்; கதிரின் அளவைத் தானே சரிசெய்யும் தானியங்கி எக்ஸ்போஷர் உள்ள கருவி, ஈயம் குறுக்கே வந்தால் அளவைக் கூட்டிவிடும். “முப்பது வருஷமாக வைத்தேனே, தப்பா?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்டார். அன்றைய கருவிகளுக்கு அது சரிதான், அண்ணாச்சி. சங்கமாக இதில் முடிவு எடுக்கவில்லை. அவரவர் மருத்துவமனை நெறிமுறைப்படி நடக்கலாம். குழந்தையைப் பிடிக்க நாமே உள்ளே நிற்பதில்லை, ஏப்ரன் போட்ட பெற்றோர்தான் நிற்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லாரும் ஒரே குரல்.

இந்தக் காலாண்டு பேட்ஜைத் திருப்பி அனுப்பாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெயரைப் படிக்கவில்லை, சாப்பாட்டுக்கு முன் என்னைப் பார்க்கவும். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்